வருஷத்துக்கு ஒரு பகல்

கப்பலைவிட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் செண்பகவடிவு முதலில் தேடுவது லிங்கதுரையின் தலைமுடியைத்தான். முந்தாநாள் கொச்சியில் பார்த்தபோது காதோரம் மட்டும் கொஞ்சம் கறுப்பு மிச்சமிருந்தது. நேற்று மொம்பாசாவில் அதுவும் இல்லை. அவளுக்குத்தான் அது முந்தாநாளும் நேற்றும். அவருக்கு இரண்டு வருஷம்.

'நெய்தல்' என்ற அந்தக் கப்பல் இந்தியப் பெருங்கடலின் கரைகளைத் தாண்டி எங்கும் போவதில்லை. நானூறு பேர் அதில் உறங்கினார்கள். அத்தனை பேரும் மருத்துவர்கள் கைவிரித்துவிட்ட நோயாளிகள். என்றைக்காவது ஒரு மருந்து வரும் என்று உறங்கியபடி காத்திருப்பவர்கள். உடம்பைக் குளிரவைத்து உறங்கச் செய்ய ஆழ்கடலின் சில்லென்ற தண்ணீர் இடைவிடாமல் வேண்டும். அதனால்தான் கப்பல். உறக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வருஷத்துக்கு ஒரு நாளாவது எழுப்பி, நடக்கவிட்டு, வெயில் படவிட்டு, வயிறாரச் சாப்பிடவிடாவிட்டால் உடம்பு விழிப்பதையே மறந்துவிடும். ஆகவே வருஷத்துக்கு ஒரு துறைமுகம், ஒரு பகல். காலை ஏழு மணிக்கு இறங்கினால் மாலை ஐந்தரைக்குள் ஏறிவிட வேண்டும்.

நரம்பு தேய்ந்துகொண்டே போகும் நோய் என்று கண்டுபிடித்தபோது வடிவுக்கு இருபத்தொன்பது வயது. பதினாலு மாதம் இருப்பாள் என்றார்கள். அந்தப் பதினாலு மாதத்தை அவள் வருஷத்துக்கு ஒரு நாளாகச் செலவழித்துவந்தாள். இது முப்பத்தொன்றாவது நாள். இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் மரத்திருந்தன. மணிக்கட்டில் அந்த நோய்க்காரர்களுக்கென்று போடும் நீலப் பட்டை. வயது இன்னும் இருபத்தொன்பதுதான்.

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் துறையில் அன்று நல்ல வெயில். இறங்கியவர்களை அவரவர் மனிதர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். யாருமே வராதவர்கள் தனியாக ஊரைப் பார்க்க நடந்தார்கள். வடிவு கூட்டத்தை இரண்டு தடவை தேடிவிட்டாள். லிங்கதுரை இல்லை. முப்பது துறைமுகத்தில் ஒன்றில்கூட அவர் தவறியதில்லை.

கடைசியில் வேலியோரமாக ஒரு பெண்மணி கண்ணில் பட்டார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார். கையில் ஓர் அட்டை. அதில் தமிழில் பெரிதாக 'செண்பகவடிவு' என்று எழுதியிருந்தது.

"நான்தான் வடிவு. நீங்க?"

அந்த அம்மாள் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நான் ராஜகனி."

வடிவுக்கு அந்தப் பெயர் தெரியும். பிழைப்போமா என்று தெரியாத ஒருத்திக்காக ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்கத் தனியாக இருக்கக்கூடாது என்று ஐந்தாம் நாளே தன் கணவனான லிங்கதுரையிடம் சொன்னவளே வடிவுதான். ஏழு வருஷம் உறங்கியவரின் கணவனோ மனைவியோ மறுமணம் செய்துகொள்ளச் சட்டமும் இடம் கொடுத்திருந்தது. ஒன்பதாம் நாள், கொழும்பில், அவர் தலையைக் குனிந்துகொண்டு ராஜகனி என்ற பெயரைச் சொன்னார். ஊரில் அதற்கு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கோ அது மூன்று வாரத்துக்கு முந்தைய சேதி. நெஞ்சில் இன்னும் ஈரம் காயவில்லை.

"அவிய எங்க?" என்றாள் வடிவு. "அவியளுக்கு ஏதும்..."

"ஒண்ணும் இல்லக்கா. நல்லா கல்லு மாதிரி இருக்காவ. ஊர்லதான் இருக்காவ."

"அக்காவா?"

"மூத்த தாரம்னா அக்காதான? வயச வச்சா பாக்க முடியும்?" ராஜகனி சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். "எம் மவனுக்கே இருவது வயசு. ஒங்களப் பாத்தா அவனுக்குப் பொண்ணு கேக்கலாம் போல இருக்கு. ஆனா மொற மொறதான்."

வடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அவிய ஏன் வரல?"

"விசா வாங்குறதுல ஒரு தேதிய நான் வேணும்னே மாத்திச் சொல்லிட்டேன். அவிய கெளம்ப நாளைக்குத்தான் முடியும். நான் மதுரைல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்க வந்துட்டேன். நான் வந்தது அவியளுக்குத் தெரியாது." அவர் மூச்சு வாங்கினார். "மொதல்ல சாப்பிடுங்க. பசியோட கேக்குற சங்கதி இல்ல."

நகரத்தின் கீழ்ப்பாதியைக் கடல் எடுத்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த பாதி அதோடு வாழப் பழகியிருந்தது. பழைய தெருக்களில் படகுகள் ஓடின. கடைகளின் முன்னால் இருந்த அஞ்சடி நடைபாதைகளை ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அதன் மேலே உட்கார்ந்து மக்கள் ரொட்டி சானாயைக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டே கீழே தண்ணீரில் காலை ஆட்டினார்கள். ராஜகனி விமானம் ஏறியதே இதுதான் முதல் தடவை. படகில் ஏறுவதற்குள் மூன்று தடவை முருகனைக் கூப்பிட்டார்.

"ஒரு பக்கமா உக்காராதீங்க. நடுவுல வாங்க," என்று வடிவு கையைப் பிடித்து இழுத்தாள். முப்பது துறைமுகம் கண்டவள் அவள். சான்சிபாரில் கிராம்பு வாங்கியிருக்கிறாள்; சிட்டகாங்கில் மழையில் நனைந்திருக்கிறாள். ஆனால் எந்த ஊரிலும் விளக்கு ஏற்றும் நேரத்தைப் பார்த்ததில்லை.

படகோட்டி தமிழ்ப் பெண். "அக்கா, புதுசா வந்தீங்களா? அம்மாவும் மகளுமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா," என்றார் ராஜகனி, "சக்களத்தியளு."

படகோட்டியின் துடுப்பு ஒரு கணம் நின்றது. வடிவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் வந்தது. மூன்று வாரமாக நெஞ்சில் கட்டியிருந்தது எதுவோ அந்தச் சிரிப்பில் கொஞ்சம் அசைந்தது.

மிதக்கும் சந்தையில் சுற்றினார்கள். கண்ணாடித் தளம் போட்ட ஓர் இடத்தில் குனிந்து பார்த்தால் பழைய தெருவும் அதன் பெயர்ப்பலகையும் தண்ணீருக்கடியில் தெரிந்தன. பலகையின் மேல் ஒரு மீன் உட்கார்ந்திருந்தது. ராஜகனி அதை வெகுநேரம் பார்த்தார். மகனுக்கு ஒரு சட்டை எடுத்தார். அளவு தெரியாமல், தெருவில் போன ஒரு பையனை நிறுத்தி அவன் முதுகில் வைத்துப் பார்த்தார். பத்தரை மணிவாக்கில், செண்டோல் விற்கும் கடையில் ஐஸ் போட்ட தேங்காய்ப்பாலை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது, கைப்பையைத் திறந்து ஒரு கடிதத்தை மேஜை மேல் வைத்தார்.

"இத அவிய பீரோவுல, சட்டைக்கு அடியில வச்சிருந்தாவ. எட்டு மாசமா."

வடிவு படித்தாள். மூன்றாவது வரியிலேயே எழுத்துகள் கலங்கின. நரம்புத் தேய்வுக்குச் சிகிச்சை கண்டுபிடித்தாயிற்று. பினாங்கிலேயே ஒரு மருத்துவமனை அதைச் செய்கிறது. நோயாளியின் பொறுப்பாளர் என்ற முறையில் லிங்கதுரைக்குத் தெரிவிக்கப்படுகிறது.

கப்பலில் 'அமைதி விதி' என்று ஒன்று இருந்தது. ஊழியரோ சகபயணியோ வெளியுலகச் சேதி எதையும் பயணிகளிடம் சொல்லக்கூடாது. ஆரம்ப காலத்தில் யாரோ ஒரு பொய் மருந்தைப் பற்றிக் கிளப்பிவிட, நாற்பது பேர் கப்பலைவிட்டு இறங்கி ஒருவர்கூடத் தேறவில்லை. அதற்குப் பிறகு வந்த விதி. எந்தச் சேதியானாலும் கரையிலிருக்கும் பொறுப்பாளருக்குத்தான் போகும். சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம்.

"எட்டு மாசம்," என்றாள் வடிவு.

"பத்துல ஏழு பேருதான் பொழைக்காவளாம். மூணு பேரு செத்துருதாவ. நான் கடிதாசிய எடுத்து மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன். 'தூங்குனா அவ சாவ மாட்டா, கனி'ன்னாவ. அவ்வளவுதான். அதுக்கு மேல வாயத் தொறக்கல." ராஜகனி குவளையைத் தள்ளி வைத்தார். "அவிய ஒங்கள சாவ விடவும் இல்ல, வாழ விடவும் இல்ல."

வடிவு அவரையே பார்த்தாள். மனதில் பட்டதைக் கேட்டுவிட்டாள். "நீங்க எதுக்கு வந்திய? நான் அந்த மூணுல ஒருத்தியாப் போனா ஒங்களுக்கு நிம்மதிதான?"

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராஜகனி முகம் சிவந்தது. ஆனால் குரல் மாறவில்லை.

"அப்படி நெனச்சதே இல்லன்னு சொன்னா நாக்கு அழுகிரும். நெனச்சிருக்கேன். கல்யாணமான புதுசுல ஒவ்வொரு வருசமும் நெனச்சிருக்கேன். அவிய நல்ல மனுசன், கொற சொல்ல முடியாது. ஆனா கப்பல் வாரதுக்கு ஒரு மாசம் முன்னாலயே பேச்சு நின்னுரும். பாத்துட்டு வந்தா ஒரு மாசம் சாவு வீட்டுல துட்டி கேட்டுட்டு வந்த ஆளு மாதிரி இருப்பாவ. எம் மவன் பொறந்தன்னைக்கு ஒங்க கப்பல் டர்பன்ல நின்னுச்சு. அவிய அங்கதான் இருந்தாவ. நான் யாரக் கோவப்பட? தூங்குற பொம்பளையையா?"

வடிவுக்கு டர்பன் நினைவிருந்தது. அன்று லிங்கதுரை சாப்பிடவே இல்லை. ஏன் என்று அவள் கேட்டதற்குப் பயண அலுப்பு என்றார்.

"இப்ப எனக்கு அம்பத்தினாலு," என்றார் ராஜகனி. "அவியளுக்கு அறுவத்து மூணு. நாளைக்கு அவிய கண்ண மூடிட்டா ஒங்களுக்குப் பொறுப்பாளரு நான்தான். அப்ப இந்தக் கடிதாசி என் பீரோவுல இருக்கும். நான் மட்டும் சொல்லிருவேன்னு என்ன நிச்சயம்? எனக்கே என்மேல பயம் வந்துட்டு. அதான் இப்பமே வந்துட்டேன். ஒரு மணிக்கு டாக்டரப் பாக்க நேரம் வாங்கியிருக்கேன். வந்தா வாங்க. இல்லன்னா இன்னும் நாலு கடை பாத்துட்டுக் கப்பல் ஏத்தி விடுதேன். ரெண்டுக்கும் சரிதான்."

டாக்டர் லோகேஸ்வரி சின்னப் பெண். வடிவைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். அல்லது, பிறந்த வருஷத்தை வைத்துப் பார்த்தால், இருபத்தைந்து வயது இளையவராக. இருவரும் சாப்பிட்டாயிற்றா என்று முதலில் விசாரித்தார். பிறகு வடிவின் மரத்த விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"நரம்புக்கு மேல ஒரு உறை இருக்கும். உங்களுக்கு அது உரிஞ்சு போகுது. உங்க செல்லுல இருந்தே புதுசா வளர்த்து ஏத்துவோம். மூணு வாரம் காய்ச்சல் நெருப்பா கொதிக்கும். அதைத் தாண்டிட்டா எழுபது, எண்பது வயசு வரைக்கும் கவலை இல்ல."

"தாண்டலன்னா?"

"தாண்டலன்னா இல்லை." டாக்டர் மழுப்பவில்லை. "இன்னொன்னு. இதை ஆரம்பிச்சிட்டா திரும்பக் கப்பலுக்குப் போக முடியாது. தூக்கத்துக்குப் போடுற மருந்தை உங்க உடம்பு அப்புறம் ஏத்துக்காது."

"அடுத்த வருசம் வந்தா பத்துல எட்டு ஆகியிருக்குமா?"

"ஆகலாம். ஒன்பதுகூட ஆகலாம். ஆகாமலும் போகலாம். நான் எப்படி வாக்கு குடுக்கிறது?"

வடிவு எழுந்து ஜன்னலுக்குப் போனாள். தூரத்தில் துறையும் வெள்ளையாக 'நெய்தல்' கப்பலும் தெரிந்தன. நாளைக்கு எட்டு, நாளன்றைக்கு ஒன்பது. அவளுக்கு அது இரண்டே தூக்கம். அந்த இரண்டு தூக்கத்துக்குள் லிங்கதுரைக்கு அறுபத்தைந்து ஆகிவிடும். இந்த அம்மாள் இன்னும் இரண்டு தடவை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"கேக்கலாமான்னு தெரியல," என்றார் டாக்டர் பின்னாலிருந்து. "உங்க கப்பல்ல இதே நோயோட இருபத்தாறு பேர் இருக்காங்க. இருபத்தாறு வீட்டுக்கும் கடிதம் போட்டோம். எட்டு மாசத்துல நேரம் கேட்டது உங்க வீடு ஒண்ணுதான். மத்தவங்களுக்கு விருப்பம் இல்லையா?"

வடிவு திரும்பினாள். "விருப்பமா? இன்னைக்குக் காலைல நீலப் பட்டைக்காரங்க அஞ்சாறு பேரோட ஒண்ணாத்தான் எறங்குனேன். யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

இருபத்தைந்து பீரோக்கள், இருபத்தைந்து கடிதங்கள் என்று வடிவு நினைத்தாள். சில பேர் லிங்கதுரையைப் போலப் பயந்திருப்பார்கள். சில பேர் சொத்தைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். சில வீடுகளில் உறையைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

துணைக்கு நிற்கும் ஆள் என்ற இடத்தில் ராஜகனி கையெழுத்திட்டார். வடிவு தன் இடத்தில் கையெழுத்திட்டுத் தாளை டாக்டரிடம் நீட்டினாள்.

நாலு மணிக்குத் துறைக்குத் திரும்பினார்கள். கப்பல் அலுவலகத்தில் வடிவு விலகல் படிவத்தை நீட்டினாள். அதிகாரிப் பெண் அதை இரண்டு முறை படித்து, முத்திரை குத்தி, கத்தரிக்கோலால் நீலப் பட்டையை வெட்டி எடுத்தாள். முப்பத்தொரு வருஷம் அதற்கடியில் வெயில் படாத தோல் வெளுத்திருந்தது.

வடிவு வெளியே வந்தாள். ஏணிக்குப் போகும் வழியில், மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"என்னக்கா, வாங்க போவோம். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில படுக்கணும்," என்றார் ராஜகனி.

"எல்லாரும் திரும்பி வார நேரம். செத்த இருங்க."

முதலில் வந்தது சூரத்துக்காரர் ஒருவர்; கையில் துணிப்பை, மணிக்கட்டில் நீலம். வடிவு அவரை நிறுத்தித் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள். கடிதத்தைக் காட்டினாள். பத்தில் ஏழு என்று விரலை மடக்கிக் காட்டினாள். மூன்று பேர் பிழைப்பதில்லை என்பதையும் மறைக்கவில்லை. திரும்பி வர முடியாது என்றும் சொன்னாள். அவர் பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நாலாவது ஆளிடம் பேசும்போது அதிகாரிப் பெண் ஓடிவந்தாள். "மேடம், இது அமைதி விதிக்கு விரோதம். பயணிகள்கிட்ட சேதி சொல்லக்கூடாது."

"பயணி பயணிக்குச் சொல்லக்கூடாதுன்னு இருக்கு. நான் இப்பம் பயணி இல்ல. நீங்கதான முத்திர குத்துனீங்க?" வடிவு மஞ்சள் கோட்டைக் காட்டினாள். "நான் நிக்குறது ஊர்க்காரங்க எடம்."

அந்தப் பெண் கோட்டைப் பார்த்தாள், கப்பலைப் பார்த்தாள். கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஏணிக்குப் பக்கத்துல இரைச்சல் அதிகம். எனக்கு எதுவும் கேட்கல." போகும்போது மெல்ல ஒன்றைச் சேர்த்தாள். "பதினாறாம் நம்பர் அம்மாவுக்குக் காது மந்தம். கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

கப்பலுக்கு வருமுன் வடிவு தூத்துக்குடியில் மீனவர்களுக்கு வானொலியில் கடல் எச்சரிக்கை வாசித்தவள். போவதும் போகாததும் அவரவர் முடிவு, சேதி போய்ச் சேரவேண்டியது மட்டும்தான் நம் பாடு என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் அவள் அதைத்தான் செய்தாள். இருபத்தைந்து பேரிடமும் சொன்னாள். ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டாள். ஒருத்தர் பொய் என்று கத்தினார். காலையில்தான் மகனோடு ஒன்றாகச் சாப்பிட்டுவந்த ஓர் அம்மாள், "அவன் எனக்குச் சொல்லலியே, சொல்லலியே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதைக் கேட்கத்தான் வடிவால் முடியவில்லை. ராஜகனி அவரைத் தள்ளிக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். "பயந்திருப்பான் தாயி. ஆம்பளைக பயந்தா வாயத் தொறக்க மாட்டாவ," என்றார்.

கடைசியாக வந்தவர் மீரான். காயல்பட்டினத்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது. மனைவி மவுத்தாகி வெகுகாலம். ஆறு வருஷமாகப் பிள்ளைகளும் வருவதில்லை. எந்த ஊரிலும் தனியாகவே சுற்றிவிட்டு வருவார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பொழச்சு எங்க மவளே போவேன்? வாசல்ல நிக்க யாரு இருக்கா?"

"அதுக்கு எனக்குப் பதில் தெரியல மாமா."

"யோசிக்கிறேன்," என்று சொல்லி அவர் ஏணியில் ஏறினார். பாதியில் ஒரு தடவை நின்றார். பிறகு ஏறிவிட்டார்.

ஏழு மணிக்குக் கப்பல் புறப்படச் சங்கு ஊதியபோது கரையில் வடிவோடு இன்னும் பதினொரு பேர் நின்றிருந்தார்கள். மிச்சம் பதினாலு பேர் மேலே போய்விட்டார்கள். விளக்கு ஏற்றும் நேரம் ஆகியிருந்தது. தண்ணீர்த் தெருக்களில் ஒவ்வொன்றாக வெளிச்சம் விழுவதை வடிவு வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் காய்ச்சலைத் தாண்டினார்கள். சூரத்துக்காரர் தாண்டவில்லை. பத்தொன்பதாம் நாள் காலையில் அவர் கட்டில் காலியாக இருந்தது. அவருடைய தங்கை ஊரிலிருந்து வந்தபோது, வடிவு எழுந்து நிற்கவும் முடியாமல், தான்தான் சொன்னேன் என்றாள். அந்தத் தங்கை நெடுநேரம் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். "இருபத்து மூணு வருஷமா அண்ணன் இருக்கானா இல்லையான்னே தெரியாம இருந்தேன். கடைசி ரெண்டு வாரம் தினமும் போன்ல பேசினான்," என்றாள். மன்னித்தேன் என்றோ கோபம் என்றோ அவள் சொல்லவில்லை.

லிங்கதுரை நாலாம் நாளே வந்துவிட்டார். ஆனால் வடிவுக்குக் கண் தெளிந்து அவரோடு பேச மூன்று வாரம் ஆயிற்று. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயந்துட்டேன் வடிவு."

"தெரியும்."

"நீ செத்துருவியோன்னு மட்டும் இல்ல. பொழச்சு வந்து, இந்தக் கெழவன என்ன செய்யப் போறேன்னு கேட்டிருவியோன்னும் பயம்."

அவள் யோசித்தாள். கோபம் இருந்தது, இன்னும் பல நாள் இருக்கும். "நீங்க முப்பது வருசம் ஊர் ஊரா வந்திய. எனக்கு அது ஒரு மாசம். ஒரு மாசத்துல ஒரு மனுசன் எனக்காக இவ்வளவு செஞ்சிருக்காவ. அதுக்கு மேல நான் என்ன கேக்க முடியும்? ஆனா அந்தக் கடிதாசி என்னுது. அத நீங்க குடுத்திருக்கணும்."

"குடுத்திருக்கணும்," என்றார் அவர். அழுதார். ராஜகனி கதவருகே நின்று வேறு பக்கம் பார்த்தார். லிங்கதுரையும் ராஜகனியும் ஒன்றாக ஊர் திரும்பினார்கள். கப்பலுக்குப் பயணம் போகவேண்டிய தேவை இல்லாத முதல் வருஷம் அவருக்குத் தொடங்கியது. மகனுக்கு ஒரு கல்யாணப் பேச்சு வந்தபோது, பெண் பார்க்க அவரே முன்னால் நின்று போனார் என்று ராஜகனி போனில் சொன்னார்.

வடிவு ஜார்ஜ்டவுனிலேயே தங்கினாள். அந்த மருத்துவமனையில், சிகிச்சைக்கு வருபவர்களிடம் நல்லதையும் கெட்டதையும் முதலில் எடுத்துச் சொல்லும் வேலை கொடுத்தார்கள். மாடியில் ஓர் அறை. முப்பது வயது ஆனபோது தனக்குத்தானே ஒரு கேக் வாங்கி, படகோட்டிப் பெண்ணோடு பாதிப் பாதி தின்றாள். கப்பல் கம்பெனி அமைதி விதியை மாற்றவில்லை. பரிசீலித்துக்கொண்டிருப்பதாக மூன்று கடிதம் எழுதியது.

அடுத்த வருஷம் 'நெய்தல்' கொழும்புக்கு வந்தது. வடிவு முந்தின நாளே போய்விட்டாள். தூத்துக்குடியிலிருந்து ராஜகனியும் வந்து சேர்ந்தார். இந்தத் தடவை வீட்டில் சொல்லிவிட்டே. பத்தில் எட்டு பேர் பிழைக்கிறார்கள் என்று டாக்டர் லோகேஸ்வரி கையெழுத்திட்ட காகிதம் வடிவின் கையில் இருந்தது. காலை ஏழு மணிக்கு ஏணி இறங்கியது. அவர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள்.

பதினெட்டாவதோ இருபதாவதோ ஆளாக மீரான் இறங்கினார். வழக்கம்போல யாரையும் தேடாமல், தலையைக் குனிந்து நடந்து வந்தவர், "மாமா!" என்ற குரல் கேட்டு நிமிர்ந்தார். வடிவைப் பார்த்ததும் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. சாயங்காலம் பேச்சைப் பாதியில் விட்டுப் போனவர் காலையில் தொடரும் சாவதானத்தோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"நேத்து யோசிக்கிறேன்னு சொன்னேன்ல மவளே," என்றார். "ராவு பூரா நல்லா யோசிச்சுட்டேன். எறங்கிர்றேன்."

ராஜகனி முன்னால் வந்து கேட்டார்: "பெட்டி எங்கண்ணே?"

"மேல இருக்கு. எடுத்துட்டு வந்துர்றேன்." ஏணியை நோக்கி நாலடி வைத்தவர் சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தார். "அதுக்குள்ள போயிர மாட்டீங்களே?"

"நிதானமா எடுத்துட்டு வாங்க மாமா," என்றாள் வடிவு. "எங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."